பிந்தி வந்த கொம்பு

“எழுத்து ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஓடி வந்து ஒட்டிக்கணும். அவ்வளவுதான். இதுக்கு எத்தனை சாப்ட்வேரைம்மா திறந்து பார்ப்பே?” என்றார் முதலாளி.

வீடியோ எடிட்டர் கடைக் கம்ப்யூட்டரில் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தாள். ‘சொந்தம் திருமணத் தகவல் மையம்.’ அந்தப் பெயர் அசைந்து வருகிற லோகோ மாலைக்குள் தியேட்டருக்குப் போக வேண்டும். போகாவிட்டால், இடைவேளை விளம்பரம் எதிர்த்தெரு மையத்துக்கு. பாதி வரன்கள் ஏற்கெனவே அங்கே போய்விட்டன. இதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

முதல் சாப்ட்வேரை ஓட்டினாள். எழுத்துகள் பறந்து வந்தன. ‘சொ’வின் கொம்பு மட்டும் பின்தங்கியது. திரையில் ‘சாந்தம்’ என்று நின்றது. கொம்பு வந்து முட்டியதும் ‘சொந்தம்’ ஆனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “சாந்தமாத்தான் இருந்துச்சு. கொம்பு முளைச்சதும் சொந்தமாயிடுச்சு.”

“உன் நக்கலை வெளியில வச்சுக்கோ.”

“சார், இது தமிழ் எழுத்தைத் துண்டு துண்டா உடைக்குது,” என்றாள் எடிட்டர். “இன்னொண்ணு இருக்கு. அதுல முழுப் பேரும் மெதுவா தெளியும். எழுத்து உடையாது. ஆனா ஓடி வந்து ஒட்டாது.”

“அதையே போடும்மா,” என்றார் முதலாளியம்மா.

“சாவு அறிவிப்பு மாதிரி இருக்கும். கல்யாணம்னா ரெண்டு சேர்றது கண்ணுக்குத் தெரிய வேணாமா?”

“சேர்றதைப் பத்தி நீங்க பேசாதீங்க.”

“நான் சொன்ன எதுக்காவது நீ சரின்னு சொல்லியிருக்கியா?”

“சொல்லியிருக்கேன். ஒரே ஒரு தடவை. அதுக்குத்தான் இருபது வருஷம் அனுபவிச்சேன்.”

முதலாளி மேசையில் ஓங்கி அடித்தார். கீபோர்டு துள்ளியது. “கடை என் காசுல ஆரம்பிச்சது. லோகோ நான் சொல்ற மாதிரிதான் வரும்.”

“ஆரம்பிச்சீங்க. அப்புறம்? வீடு வீடா ஏறி இறங்கி ஜாதகம் வாங்கிட்டு வந்தது யாரு? நீங்க ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து பேப்பர் படிச்சீங்க.”

“எடுத்தெறிஞ்சு பேசறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல.”

“கேக்கறதுக்கும் உங்களை விட்டா ஆளில்ல.”

எடிட்டரின் செல்போன் மறுபடி அடித்தது. தியேட்டர்க்காரர். அவள் எடுக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள்.

“இந்தச் சண்டையை வீட்டுல போய்ப் போடுங்க. இங்க எந்த சாப்ட்வேர்னு மட்டும் சொல்லுங்க.”

முதலாளி மேசையிலிருந்து கையை எடுத்தார்.

“அந்த ஒட்டாததையே போடு,” என்றார்.

முதலாளியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வீட்டுல போட முடியாதும்மா. காலையில விவாகரத்து வாங்கிட்டு, கோர்ட்லேர்ந்து நேரா இங்கதான் வர்றோம். இனிமே சண்டை போட எங்களுக்குக் கடை ஒண்ணுதான் பாக்கி.”