ஆறு நிமிஷம்

"மறுபடியும் ஆறு நிமிஷம் பின்னால நிக்குது. நீ என்னத்தைத்தான் படிச்சுட்டு வந்தியோ!"

கம்ப்யூட்டர் அறை வாசலிலேயே மிரெயாவைப் பிடித்துக்கொண்டார் எவாரிஸ்டோ. கயாம்பே ரோஜாப் பண்ணையின் மேற்பார்வையாளர். கம்ப்யூட்டர் கடிகாரத்தில் காலை ஏழுக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் கேட்டைச் சாத்திவிடுவார். பூ வெட்டும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'பாறாங்கல்'.

மிரெயாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வருகை பதியும் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைச் சரிசெய்ய அவள் வருவது இது மூன்றாவது தடவை. இன்றும் சரியாகாவிட்டால் இனி வர வேண்டாம் என்று கீட்டோ நகரிலுள்ள தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

"சார், இதுக்குள்ள ரெண்டு டைமர் இருக்கு. ஒண்ணு வேகமானது. ஆனா ராத்திரி மெஷின் சும்மா கிடந்தா அதுவும் கண்ணசந்துடும். இன்னொண்ணு மெதுவானது, தூங்கவே தூங்காது. இயங்குதளமே ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, தூங்குமூஞ்சியை ஒதுக்கிடும். ஆனா யாரோ 'சோதிக்காதே, வேகமானதையே நம்பு'ன்னு செட்டிங்ஸ்ல ஒரு வரி சேர்த்திருக்காங்க. ரெண்டு தடவை அழிச்சேன். திரும்பவும் வந்து உக்காந்திருக்கு!"

"பேயா இருக்கும்."

"பேய் மத்தியானம் மணியைத் திருத்தி வைக்குமா? காலையில பிந்துறது பன்னெண்டு மணிக்குச் சரியா காட்டுதே. பிந்தின டைமர் தானா ஓடி வந்து சேராது சார்."

"எனக்கென்ன தெரியும்? ரோஜாவைப் பத்திக் கேளு, சொல்றேன்."

மிரெயாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த அறையைப் பெருக்கும் எல்வியாவிடம் ஒரு சாவி இருக்கிறது. கைக்குழந்தைக்காரி. காலையில் கடைசியாக ஓடி வருபவளும் அவள்தான்.

"எல்வியா பேரை கீட்டோவுக்கு எழுதி அனுப்பப் போறேன் சார்."

எவாரிஸ்டோவின் முகம் மாறியது. "அவளுக்கு மவுஸ் பிடிக்கக்கூடத் தெரியாது. பேசாம இரு!" என்று கத்திவிட்டு வெளியே போனார்.

மிரெயா தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். கீபோர்டு ஒரு பக்கமாக ஆடியது. தூக்கிப் பார்த்தால், அடியில் மடித்த காகிதம்.

அவளுடைய கையெழுத்தேதான்! 'எந்த வரியைச் சேர்க்கக் கூடாதுன்னு எழுதிக் குடும்மா, மறந்துடுவேன்' என்று முதல் தடவை எவாரிஸ்டோ கேட்டு வாங்கியது.

அதற்குக் கீழே, பென்சிலில், குண்டு குண்டாக அவர் எழுத்து:

'பண்ணைக் குழந்தைகள் காப்பகம் திறப்பது 7.00. குழந்தையை விட்டுவிட்டு ஓடி வர 6 நிமிஷம். அதற்கு மேல் பிந்தாமல் தினம் மத்தியானம் மணியைத் திருத்திவிட வேண்டும். கடிகாரம் சரியாக ஓடிய அன்று கேட்டுக்கு வெளியே நின்ற தாய்மார்கள் 11. காப்பகத்தைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி மூன்று கடிதம் போட்டேன். கீட்டோ சொன்ன பதில்: முடியாது.'

மிரெயா காகிதத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, கீட்டோவுக்குப் போன் போட்டாள்.

"சார், கோளாறைக் கண்டுபிடிச்சுட்டேன். இந்தத் தடவை டைமர் நிலைச்சு ஓடும். ஆனா அதுக்கு உங்க காப்பகத்தை ஆறரை மணிக்கே திறந்தாகணும்... ஆமா சார், டெக்னிக்கல் காரணம்தான்."