குறை சொல்லும் நாக்கு

"இருக்கிறதுலேயே மட்டமான சிவப்பு ஒயின் எது? அதுல ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சமையலுக்கா மேடம்?"

"இல்லை. எங்கப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு."

"அப்பாவோட ஏதாவது மனஸ்தாபமா?"

"அதை ஏன் கேக்கறீங்க! அப்படியே மேல் தட்டுல இருக்கே, நீல முத்திரை, அதுலயும் ஒண்ணு எடுங்க."

கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீல முத்திரை அந்தக் கடையிலேயே உசத்தியான சரக்கு. அதைக் கலந்து உருவாக்கியதே அவளுடைய அப்பாதான். ஒயின் கம்பெனியில் ருசி பார்த்துச் சொல்வது அவர் உத்தியோகம். அவர் நாக்கு வைத்ததுதான் அங்கே சட்டம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் விழுந்து எழுந்தாரே, அதிலிருந்து அந்த நாக்குக்குக் குறை சொல்வதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவள் ஆசை ஆசையாய் வாங்கிக் கொடுத்த பாட்டிலை முதல் வருஷம் "இருமல் மருந்து" என்றார். அடுத்த வருஷம் "துணி அலசின தண்ணி" என்றார். போன வருஷம் அவளுடைய மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பூந்தொட்டியில் கவிழ்த்தார். மாமியார் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பற்றிக்கொண்டு வராதா பின்னே?

வீட்டுக்கு வந்ததும் மட்டமான ஒயினைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். பாட்டிலை அலசி, அதற்குள் நீல முத்திரையை ஊற்றி, மூடியைத் திருகினாள்.

"என்னடி பண்றே?" என்றான் கணவன்.

"இன்னிக்கு உங்க மாமனார், தான் கலந்த ஒயினைத் தானே காறித் துப்பப் போறார். விருந்துக்கு அவர் கம்பெனி மேனேஜர் வேற வர்றாராம். அத்தனை பேர் முன்னாலயும் மானத்தை வாங்கறேனா இல்லையா பாருங்க."

"அவர் உன்னைப் பெத்த அப்பாடி."

"பெத்த பொண்ணு வாங்கிட்டு வந்ததைப் பூந்தொட்டிக்கு ஊத்தினப்போ அவருக்கு அது தெரியலையாமா?"

அவன் சட்டையை மாற்றிக்கொள்ளப் போனான்.

அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்தார். அம்மா வழக்கம்போல அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பா உப்பை எடுக்கக் கை நீட்டினார். அம்மா அதைத் தள்ளி வைத்தாள். "எல்லாம் சரியா இருக்கு. சாப்பிடுங்க."

"உங்க நாக்கை நம்பித்தான் சார் கம்பெனியே ஓடுது," என்றார் மேனேஜர். "உங்களை இன்னும் கொஞ்ச வருஷம் ரிட்டயர் ஆக விடறதா இல்லை. நாளைக்கே உத்தரவு வந்துடும்."

அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒயினை ஊற்றினாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். அப்பா பாட்டிலின் லேபிளைப் பார்த்தார். கோப்பையைச் சுழற்றினார், மோந்தார், ஒரு வாய் உறிஞ்சினார். முகம் கோணியது.

"சே! சாக்கடை. எத்தனை வருஷமானாலும் உனக்கு ஒயின் எடுக்கத் தெரியாதும்மா."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் காதெல்லாம் சூடேறியது. இருக்கட்டும், இதற்குத்தானே இத்தனை பாடு!

"நல்லாக் குடிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றீங்களாப்பா?"

"எனக்கு ஒரு வாய் போதும்."

"சார், நீங்களும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. அப்புறம் நான் ஒண்ணு சொல்றேன்," என்று மேனேஜரின் கோப்பையில் பாட்டிலைச் சாய்க்கப் போனாள்.

அம்மாவின் கை குறுக்கே வந்தது. பாட்டில் தரையில் விழுந்து சுக்குநூறாகியது.

"ஐயையோ, கை பட்டுடுச்சு!" என்று அம்மா ஓடிப்போய் பினாயிலைக் கொண்டுவந்து தாராளமாக ஊற்றித் துடைத்தாள். நெடி தாங்காமல் மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்பா பாட்டுக்குச் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அம்மாவைப் பின்தொடர்ந்து சமையலறைக்குள் பாய்ந்தாள்.

"வேணும்னே தட்டி விட்டே! என்னைக் கேவலப்படுத்தும்போதெல்லாம் வாயில கொழுக்கட்டை, அவர் மாட்டிக்கப் போறார்னதும் பறந்து வர்றே. எப்பவும் நீ அவர் கட்சிதான்! உள்ளே என்ன இருந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

"நீல முத்திரை. வாயில வெச்சதுமே தெரிஞ்சுது."

"உனக்கே தெரியுது, அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சே மட்டம் தட்டறார்! நான் என்ன பாவம் பண்ணினேன்?"

அம்மா கதவைச் சாத்தினாள்.

"அந்தக் காய்ச்சலோட அவருக்கு வாசனையும் போச்சு, ருசியும் போச்சுடி. மண்ணும் சர்க்கரையும் ஒண்ணுதான் அவருக்கு. நல்லா இருக்குன்னு சொன்னா, எப்படி நல்லா இருக்குன்னு கேப்பாங்க. குறை சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. அதான் எதைக் குடுத்தாலும் குறை சொல்றார்."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"என்னமோ சொல்றேன்னியேம்மா, என்ன அது?" என்றார் மேனேஜர்.

அப்பா தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா சொன்னதுதான் சார்," என்றாள் அவள். "எனக்கு ஒயின் எடுக்கவே தெரியாது."