அந்த ஒன்றரை நிமிடம்

“இன்னா மாப்ளே, படத்தக் கிழிச்சித் தொங்க வுட்டீங்களா?” வலையைத் தோளில் போட்டபடி கேட்டார் பொன்னுரங்கம்.

மோகன்குமாருக்குத் தர்மசங்கடமாக இருந்தது. பொன்னேரியிலிருந்து நேற்றுதான் தோணிரேவுக்கு மறுவீடு வந்த புது மாப்பிள்ளை அவன்; நவீனத் திறனாய்வில் ஆய்வு மாணவன். ஐந்து மணிக்குள் புதுப் படத்தின் விமர்சனத்தை அனுப்பினால், ஓர் இதழில் மாதந்தோறும் எழுதும் வாய்ப்பு உறுதி. மாமனாரோ அதே படத்தை நான்கு முறை பார்த்தவர்.

“நம்ம ஏரியில எடுத்த படமாச்சே, நைனாக்கு அது மேல உசுரு,” என்றாள் அவன் மனைவி திவ்யா. “படிங்க, அவரும் கேக்கட்டும்.”

கைப்பேசியைப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் படித்தான்.

“‘ஐந்து திருடர்கள், ஒரு நகைப் பெட்டகம், கூட இருந்தே காட்டிக்கொடுக்கும் ஒருவன். இடைவேளைக்கு முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. நகைச்சுவை என்ற பெயரில் ஐவரும் மாறி மாறி வழுக்கி விழுகிறார்கள்...’”

கோபித்துக்கொள்வார் என்று நிமிர்ந்தால், பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நெஜந்தான மாப்ளே! ரெண்டாவது வாட்டியே நான் தூங்கிட்டேன்.”

“அப்புறம் ஏன் மாமா நாலு வாட்டி?”

“படகு சீன் வரசொல்ல எழுப்பி வுடுன்னு பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட சொல்ட்டுதான் தூங்குவேன்.”

மோகன்குமாருக்குத் தெம்பு வந்தது. “அந்தக் காட்சியத்தான் மாமா பாராட்டியிருக்கேன். கேளுங்க. ‘கதாநாயகன் நகையோடு படகேறி ஏரியில் தப்பிக்கும் அந்த ஒன்றரை நிமிடம் முகமே தெரிவதில்லை, முதுகு மட்டும்தான். பின்னால் போலீஸ் துரத்துகிறது. அவரோ வெற்றிலைக் காம்பைக் கிள்ளித் தண்ணீரில் இட்ட பிறகே கழியை ஊன்றுகிறார். ஊரைக் கொள்ளையடித்தவனும் ஏரிக்கு உரியதைக் கொடுத்துவிட்டே போகிறான்! இருபது ஆண்டுகளில் இந்த நாயகன் உண்மையாக நடித்த காட்சி இது ஒன்றே.’”

பொன்னுரங்கம் காதைச் சொறிந்தார். “அவ்ளோ நல்லாவா கீது?”

“முதுகாலயே நடிச்சிருக்காரு மாமா. உலகத் தரம்!”

திவ்யா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாமே இளிப்பு? மாப்ளைக்கு டீ போடு, போ,” என்று மகளை அதட்டினார் பொன்னுரங்கம். “நீங்க அனுப்புங்க மாப்ளே. ஒரு எழுத்து மாத்தாதீங்க. நான் ஏரிக்குப் போய்ட்டு வரேன்.”

மாமனாரை வழியனுப்பக் கரைவரை நடந்தான் மோகன்குமார். ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. அனுப்புவதற்காக விரலை நீட்டினான்.

படகில் ஏறிய பொன்னுரங்கம் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். காம்பைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். பிறகுதான், கரைக்கு முதுகைக் காட்டியபடி கழியை ஊன்றினார்.

நீட்டிய விரலை மடக்கிக்கொண்ட மோகன்குமார், விமர்சனத்தின் கடைசி வரியில் ‘இருபது ஆண்டுகளில் இந்த நாயகன்’ என்பதை அழித்துவிட்டு, ‘தோணிரேவு பொன்னுரங்கம்’ என்று எழுதினான்.