கடைசி இடம்

பத்து நாளாக மகள் அப்பாவின் வேனில் ஏற மறுக்கிறாள். பயத்தைத் தெளிய வைக்கத்தான் அவர் டிவியில் ஆடும் இந்தக் கார்ட்டூன் ரேஸ் விளையாட்டை வாங்கி வந்தார். முயலும் அணிலும் கார் ஓட்டும். மோதினாலும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு எழுந்துவிடும்.

"பிள்ளைங்களுக்குன்னே செஞ்சது. இதுல யாருக்கும் அடிபடாது," என்றார்.

"என்னத்தைப் பாத்துப் பயந்தாளோ, கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. எத்தனை நாளைக்கு நான் இவளை ஸ்கூலுக்கு நடத்தியே கூட்டிட்டுப் போறது?" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

மூன்று ஆட்டத்திலும் மகளுக்குக் கடைசி இடம்தான். அணில் உருண்டு விழும்போதெல்லாம் காரை நிறுத்திவிட்டு, அது எழும்வரை காத்திருந்தாள்.

"அடி ஆமைக்குட்டி, எதுக்கு நிக்கிற? அது தானா எந்திரிக்கும். நீ அழுத்து, போயிட்டே இரு."

"எந்திரிச்சதைப் பாத்துட்டுப் போறேம்ப்பா."

"பாத்துட்டு நின்னா தோத்துருவடி."

"அன்னைக்கும் நாம போயிட்டேதானே இருந்தோம். அந்த சைக்கிள்காரர் எந்திரிச்சாரான்னு நான் திரும்பிப் பாத்தேன். எந்திரிக்கலப்பா."

அவர் சட்டென்று டிவியை அணைத்தார்.

மனைவியின் கை நின்றது.

"எந்த சைக்கிள்காரர்?"