இரண்டாவது கை உப்பு

"ஹுல்டா, மூணு கமிஷனருங்களும் வந்து உக்காந்தாச்சு. மாவட்டத் தலைநகர் நம்ம ஊரா, பக்கத்து ஊர் டஸ்டன்வில்லான்னு சாப்பிட்டதும் சொல்லிடுவாங்க. மானத்தைக் காப்பாத்து!" மனைவியிடம் கெஞ்சினார் ஷெரிஃப் ஏமஸ். தலைநகர் வந்தால் கோர்ட், ஜெயில் எல்லாம் கான்சாஸின் இந்தக் குட்டி ஊருக்கே வந்துவிடும்.

ஹுல்டா கோழி ஸ்டூவில் இரண்டாவது தடவையாக உப்பை அள்ளிப் போட்டாள்.

முதல் வாயிலேயே மூவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூத்தவர் மீசையைத் துடைத்தபடி எழுந்தார்.

"முடிவு பண்ணியாச்சு. இந்த ஊர்தான் தலைநகர்!"

ஏமஸ் துள்ளிக் குதித்தார். ஹுல்டா திடுக்கிட்டாள். "ஐயா, சாப்பாடு வாயிலயே வைக்க முடியலையே?"

"அதனாலதாம்மா! ஜெயில் கைதிகளுக்கு ஷெரிஃப் சம்சாரம்தானே பொங்கிப் போடணும்? இதை ஒரு வேளை தின்னவன் மறுபடி குதிரை திருடுவானா?"

அந்தப் பொங்கிப் போடும் வேலைக்குப் பயந்துதான் இரண்டாவது கை உப்பையே போட்டிருந்தாள் ஹுல்டா.