உரசாத தீக்குச்சி

கதவிடுக்கில் மூக்கை வைத்தாள்.

கேஸ்.

சந்தேகமே இல்லை. பனியன் கம்பெனியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு ஓடி வந்தவளின் பசி அங்கேயே அடங்கிப்போனது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே அவள் கணவன் மட்டும். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து உறங்குகிறவன்.

அவனுக்கு வாசம் தெரியாது. இரண்டு வருடம் முன்பு வந்த காய்ச்சல் மூக்கைக் கொண்டுபோய்விட்டது.

படுப்பது தரையில், பாய் விரித்து. கேஸும் தரையோடுதான் தவழும்.

"ஏங் கண்ணு, வெளிய நிக்கறே?"

பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள். கேட்டுக்கொண்டே காலிங் பெல்லுக்குக் கை நீட்டினாள்.

அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்கக்கா! உள்ள கேஸு. ஒரு பொறி போதும்."

தெய்வாத்தாள் மெயின் சுவிட்சை அணைக்க லைன் வீடுகளின் கோடிக்கு ஓடினாள்.

எழுப்பாவிட்டால் மூச்சு முட்டிச் சாவான்.

எழுப்பினால்?

எழுப்பினால் கண்ணைத் திறக்கும் முன்னே பீடியைத் தேடுவான். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறாள். முதலில் பீடி. பிறகுதான் உலகம்.

ஜன்னல் பலகையை விரல்களால் நெம்பினாள். நகம் பிய்ந்தது. ரத்தத்தோடு இன்னும் நெம்பினாள். பலகை திறந்துகொண்டது. நாற்றம் முகத்தில் அறைந்தது.

வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது.

அதுவே அவனை எழுப்பிவிட்டது.

புரண்டான். இருமினான். கண் திறக்கவில்லை. கை தலையணைக்கடியில் போனது. பீடி உதட்டுக்கு வந்தது. தீப்பெட்டி திறந்தது.

கத்த வாயெடுத்தாள்.

பதினோரு நாளாக அவனோடு பேச்சில்லை. மகளின் படிப்பை அவன் நிறுத்திய அன்று, செத்தாலும் உன்னோடு பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

குச்சி பெட்டியின் ஓரத்தில் பட்டது.

"மாமா!"

கை நின்றது.

அவன் கண்ணைத் திறந்தான். ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்தான். காதில் விழுந்ததை நம்பாதவன்போல் பார்த்தான்.

"பத்த வெக்காதீங்க மாமா. கேஸு லீக்காகுது. எதையும் தொடாம எந்திரிச்சு வந்து கதவத் தொறங்க. மெல்ல."

எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். தாழ் விலகிய சத்தம் கேட்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.

வாசலில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். அவன் கைக்குள் குச்சி அப்படியே இருந்தது. விரல் விரலாகப் பிரித்து அதை எடுத்தாள்.

மெயினை அணைத்துவிட்டு ஓடி வந்த தெய்வாத்தாள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். இவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்பை மூடினாள். சிலிண்டரை மூடினாள். பின்கதவின் தாழை நீக்கி அகலத் திறந்துவிட்டாள்.

அடுப்பின்மேல் பால் பாத்திரம். பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது.

அவன் பால் காய்ச்சி அவள் பார்த்ததேயில்லை.

மேடையில் இரண்டு டம்ளர்கள். இரண்டிலும் டீத்தூள் போடத் தெரியாமல் போட்டிருந்தான். ஒன்றில் மட்டும் சர்க்கரை.

அவன் சர்க்கரை நோய்க்காரன்.

சர்க்கரை போட்ட டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.