டின்னு வாத்தியார்

வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கக்கத்தில் ரெக்ஸின் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பிள்ளைகள் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார்கள்.

ஜெப ஷீலா டீச்சர் சாக்பீஸ் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்க சார். நேத்தே வருவீகன்னு பாத்தேன்."

அவர் உட்காரவில்லை. "ஏதோ மிஷினு செஞ்சு வச்சிருக்கீகளாம்ல. அதத்தான் பாக்க வந்தேன்" என்றார்.

திருச்சுழி ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் மூன்று மைல் நடந்தால் இந்த ஓராசிரியர் பள்ளி. பதிவேட்டில் முப்பத்தோரு பிள்ளைகள். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியதில் ஒவ்வொன்றாய்த் தீக்குச்சி அடுக்கும் வேலைக்குக் கழன்றுபோய், போன வருஷம் வந்தது பதினோரு பேர்தான். இருபதுக்குக் குறைந்தால் பள்ளியை மூட வேண்டியதுதான், புது அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று எண்பத்தொன்பது ஏப்ரல் தேதி போட்டுத் தபால் வந்தது.

வெளிநாட்டில் எங்கேயோ இயந்திர மனிதனை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று, மளிகை கட்டி வந்த பேப்பரில் டீச்சர் படித்திருந்தாள். மே மாத லீவு முழுக்க அதுதான் வேலை. பாளையம்பட்டி பழைய இரும்புக் கடையில் இரண்டு எண்ணெய் டின், இரண்டு டார்ச் பல்பு, பாட்டரிக் கட்டை. தலைக்கு ஒரு டின், வயிற்றுக்கு ஒரு டின், வயிற்றில் வரிசையாக இருபது ஓட்டை.

ஏழும் அஞ்சும் எத்தனை என்று கேட்டு, அதன் முதுகில் இருக்கிற திருகைப் பன்னிரண்டில் வைப்பாள். பிள்ளை ஆணிகளை எண்ணி எடுத்து ஓட்டைகளில் செருக வேண்டும். கணக்குச் சரியென்றால் கடைசி ஆணி இறங்கும்போது கண் இரண்டும் எரியும்.

ஊர் சும்மா விடுமா. நாப்பது வயசுக்குக் கல்யாணந்தான் கூடி வரல, டின்னுலயாவது ஒரு ஆம்பளையச் செஞ்சு வச்சுக்கிட்டா என்று குழாயடியில் பேசியது டீச்சர் காதுக்கும் வந்தது. ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். டின்னு வாத்தியாரைப் பார்க்கவென்றே வந்து வந்து, இப்போது இருபத்து நான்கு பேர்.

வந்தவர் குத்தவைத்து உட்கார்ந்து டின்னைத் தட்டிப் பார்த்தார். நீங்களேவா செஞ்சீக என்றார். யார் சொல்லிக் கொடுத்தது, ஓட்டை போட எத்தனை நாள் ஆச்சு என்றெல்லாம் கேட்டார்.

இங்கே வந்த ஆறு வருஷத்தில் யாரும் டீச்சரிடம் இப்படி உட்கார்ந்து விசாரித்ததில்லை. சாயங்காலம் மணி அடித்துவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் பேச ஆள் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஒரு வேதப் புஸ்தகம். கேட்டதற்கு ஒன்று, கேட்காததற்கு ஒன்பது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள், பார்ப்போம் என்றார் அவர்.

முதலில் சந்தனம் வந்தான். பதினேழு ஆணியும் சரசரவென்று இறங்கின, கண் எரிந்தது. சோலையம்மாளுக்கு எட்டு வயசு. அவள் இரண்டு கையாலும் செருகினாள். வந்தவர் கைக்கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

தங்கச்செல்வி மட்டும் வரவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்துவிட்டு ஜூனில்தான் மறுபடி பள்ளிக்கூடம் வந்தவள். கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. அவளோ கூப்பிடக் கூப்பிட, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"ஏன்டி, சார் என்ன ஒன்னையக் கடிச்சா திங்கப் போறாக?" என்று டீச்சர் அதட்டினாள்.

"விடுங்க டீச்சர். அது கெட்டிக்காரப் பிள்ளைதான்" என்று அவர் சிரித்தார்.

டீச்சர் கணக்கு நோட்டுகளை எடுத்து வந்து நீட்டினாள். அவற்றை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, சந்தனத்தின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாய் நீவிப் பார்த்தார் அவர். பிள்ளைகளைத் தொட்டுப் பழகுகிற அதிகாரியை டீச்சர் இப்போதுதான் பார்க்கிறாள்.

வேகமாகச் செருகுகிற பிள்ளைகளின் பேர், அப்பன் பேர், வயசு எழுதிக் கொடுங்கள் என்றார். டீச்சர் குண்டு குண்டாக ஒன்பது பேரை எழுதினாள். மனசு கேட்காமல் பத்தாவதாகத் தங்கச்செல்வியையும் சேர்த்தாள்.

அவர் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். டீச்சர் வாசல்வரை கூடவே போனாள். நாலு மாசமாக நெஞ்சில் கிடந்ததை அங்கே வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"எங்களுக்கு நல்ல சேதி வரும்ல சார்?"

"வராம? பத்துப் பேரு தேறுதுல்ல" என்றார் அவர். பிறகு போகிற போக்கில் சொன்னார்:

"நாளையில இருந்து தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸு ஊருக்குள்ளயே வந்துரும் டீச்சர்."